டட்லி ஸ்ட்ரீட் உயர்மட்ட நிலையம், பாஸ்டன் (1901–1987): எப்படி இயங்கியது, ஏன் இறக்கினார்கள், என்ன மிச்சம்

#1 இரும்புத்தூண்

பழைய டிராம் இழையில் டட்லி பற்றி இரண்டு மூன்று பேர் கேட்டு, பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அதற்காகத் தனி இழை.

முதலில் அடிப்படை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களின் மேல் ரயில் ஓட்டிய பாஸ்டன் எலிவேட்டட் ரயில்வே கம்பெனியின் மெயின் லைன் 1901 ஜூன் 10 அன்று ஓடத் தொடங்கியது. வடக்கு முனை சார்ல்ஸ்டவுனில் சல்லிவன் ஸ்கொயர். தெற்கு முனை ராக்ஸ்பரியில் டட்லி ஸ்ட்ரீட். இரண்டுக்கும் நடுவே நகர மையத்தைக் கடக்க அப்போது தனிச் சுரங்கம் இல்லை. ஏற்கெனவே டிராம் ஓடிய டிரெமான்ட் வீதிச் சுரங்கத்துக்குள்ளேயே உயரமான நடைமேடையும் மூன்றாவது தண்டவாளமும் (ரயிலுக்கு மின்சாரம் தருவது) போட்டு ரயிலை விட்டார்கள். 1908 நவம்பர் 30இல் வாஷிங்டன் வீதிச் சுரங்கம் திறந்த பிறகுதான் ரயிலுக்குச் சொந்த வழி கிடைத்தது. 1909 நவம்பர் 22இல் பாதை டட்லியைத் தாண்டி ஃபாரஸ்ட் ஹில்ஸ் வரை போனது. கடைசி நிலையமாக இருந்த டட்லி அன்றோடு இடைநிலையம் ஆனது.

1987 ஏப்ரல் 30 இரவு கடைசி ரயில். மூன்று நாள் இடைவெளி விட்டு, மே 4 அன்று ஆரஞ்சு லைன் (மெயின் லைனின் பிற்காலப் பெயர்) மேற்கே புதிய பள்ளப் பாதையில் ஓடத் தொடங்கியது. பழைய பாதை ஓடிய வாஷிங்டன் வீதியின் மேல் நின்ற இரும்பு முழுவதையும் அதன் பிறகு இறக்கிவிட்டார்கள்.

கட்டடக் கலைஞர் அலெக்சாண்டர் வாட்ஸ்வொர்த் லாங்ஃபெலோ ஜூனியர். 1901 வரிசை நிலையங்கள் அவர் கைவண்ணம்: எஃகுச் சட்டகம், அதன் மேல் செப்புத் தகடு, வளைந்த கூரை. டட்லிதான் அதில் அழகானது என்பது என் எண்ணம்.

ஆனால் அழகுக்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. டட்லியை ரயில் நின்று போகும் இடமாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். டிராமில் வந்தவரைப் படியேறாமல் ரயிலில் ஏற்றிவிடுவதற்கென்றே கட்டிய இடம் அது. பாதையை மாற்றியபோது கணக்கில் வராமல் போனது இந்த மாறுமிடம்தான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

#2 மீட்டர்கேஜ்

நன்றி ஐயா. இரண்டு கேள்வி. டிராம் தெருவில் ஓடும், ரயில் மேலே ஓடும். படியேறாமல் எப்படி மாறுவது? இன்னொன்று, மாறும்போது டிக்கெட் திரும்ப வாங்க வேண்டுமா?

#3 இரும்புத்தூண்

டிராமே மேலே ஏறி வந்துவிடும். தெருவிலிருந்து சரிவுப் பாதை மேலே போகும். ரயில் நடைமேடையின் இரு பக்கமும், கிழக்கே ஒன்று மேற்கே ஒன்று, டிராமுக்கு வட்டத் தடம் இருந்தது. டிராம் ஏறி வந்து ஆட்களை இறக்கிவிட்டு, வட்டத்தைச் சுற்றி, திரும்பும் பயணிகளை ஏற்றிக்கொண்டு மறுபடி தெருவுக்கு இறங்கும். நடுவில் ரயில். இறங்கியவர் நடைமேடையைக் குறுக்கே கடந்தால் போதும். இது தவிரக் கீழே தெருமட்டத்திலும் டிராம் தடங்கள் இருந்தன.

சரிவு எவ்வளவு நீளம் வேண்டும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஏற வேண்டிய உயரம் 6 மீட்டர் என்று வையுங்கள். நூற்றுக்கு 5 சரிவானால் 120 மீட்டர் தேவை, நூற்றுக்கு 8 ஆனால் 75 மீட்டர். மோட்டார் அச்சிலேயே இருக்கும் டிராம் இதை ஏறிவிடும். நீராவி இழுத்த காலமாக இருந்தால் நகரச் சதுக்கத்துக்குள் இப்படி ஒரு நிலையத்தை யாரும் யோசித்திருக்க முடியாது.

டிக்கெட்: டிராமும் ரயிலும் ஒரே கம்பெனி. டிராம் நடத்திவந்த வெஸ்ட் எண்ட் ஸ்ட்ரீட் ரயில்வேயை 1897இல் பாஸ்டன் எலிவேட்டட் குத்தகைக்கு எடுத்துவிட்டது. மேல்மட்டம் முழுவதும் காசு கொடுத்தவர்களுக்கான பகுதி. டிராமில் கொடுத்த காசோடு ரயிலில் ஏறலாம், திரும்பும்போதும் அப்படியே. இரண்டு கம்பெனியாக இருந்திருந்தால் நடைமேடை நடுவில் வேலி வந்திருக்கும், இந்த வடிவமே பிறந்திருக்காது. நிலையத்தின் வடிவத்தைப் பொறியாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை, குத்தகைப் பத்திரமும் தீர்மானிக்கிறது.

சல்லிவன் ஸ்கொயரும் இதே எண்ணத்தில் கட்டியதுதான். அங்கே பெரிய கொட்டகைக்குள் டிராம்கள் முட்டுத் தடங்களில் (மறுமுனை மூடிய தடங்களில்) வந்து நின்றன. டட்லியில் சுற்று வட்டம். வட்டத்தில் ஓட்டுநர் முனை மாற வேண்டாம், மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் டிராலிக் கம்பத்தைத் திருப்ப வேண்டாம். ஆனால் ஒரு வண்டி பழுதாகி நின்றால் பின்னால் வருவதெல்லாம் சரிவு வரை நிற்கும். முட்டுத் தடத்தில் ஒன்று கெட்டால் அந்த ஒரு தடம் மட்டும் போகும்.

#4 தண்டவாள_கணக்கு

வட்டம் என்றவுடன் சத்தம் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1901இல் ரயிலும் டட்லியில் வட்டமடித்துத்தான் திரும்பியது.

அச்சு ஒரே தண்டு, இரண்டு சக்கரமும் அதில் இறுகப் பொருத்தியவை. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். தண்டவாளங்களின் நடு தூரம் ஏறக்குறைய 1.5 மீட்டர். 90 பாகை திரும்பினால் வித்தியாசம் 1.5 × 1.57 = சுமார் 2.36 மீட்டர். பெரிய வளைவோ சின்ன வளைவோ, திரும்பிய கோணம்தான் கணக்கு. 180 பாகைக்கு 4.7 மீட்டர். அந்த 4.7 மீட்டரையும் ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கித்தான் ஈடுகட்ட வேண்டும்.

சக்கர விளிம்பின் சாய்வு இதைச் சரிசெய்யாதா என்று கேட்பார்கள். பெரிய வளைவில் செய்யும். 30 மீட்டர் ஆர வளைவில் செய்யாது. சக்கர ஆரம் 0.4 மீட்டர், சாய்வு 20க்கு 1 என்றால், அச்சு பக்கவாட்டில் 200 மில்லிமீட்டர் நகர்ந்தால்தான் ஈடாகும். ஃபிளாஞ்சுக்கும் (சக்கரத்தின் உள்பக்கம் நீட்டிய உதடு) தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடமோ 10 மில்லிமீட்டர் அளவு. ஆகவே ஃபிளாஞ்ச் போய் உரசுகிறது, சக்கரம் விட்டுவிட்டு வழுக்குகிறது, காதைக் கிழிக்கும் கிறீச்சொலி வருகிறது.

தரையில் ஓடும் பாதையில் ஜல்லி இந்த அதிர்வில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். இங்கே ஜல்லியே கிடையாது. தண்டவாளம் கட்டையின் மேல், கட்டை நேரே எஃகுக் கர்டரின் (தூண்கள் தாங்கும் விட்டம்) மேல். கர்டரின் அகலமான பக்கத் தகடு முழுவதும் அதிர்ந்து ஒலிபெருக்கும். இணைப்புகளில் சக்கரம் விழும் அடியும் சேர்ந்துகொள்ளும். உயர்மட்ட ரயிலை வெறுத்தவர்கள் ரசனை கெட்டவர்கள் இல்லை. இரண்டாம் மாடி ஜன்னலை ஒட்டி இது காலை முதல் இரவு வரை ஓடினால் யாருக்குத்தான் தாங்கும்?

#5 வடக்குவாசல்

இதே கம்பெனிக்கு வளைவு சத்தத்தோடு நின்றுவிடவில்லை. அட்லாண்டிக் அவென்யூ கிளையில் ஹாரிசன் அவென்யூ, பீச் வீதி சந்திப்பு வளைவில் 1928இல் ரயில் தடம் புரண்டு இரண்டு பேர் இறந்தார்கள். அந்தக் கிளை 1901 ஆகஸ்டில் திறந்தது, 1938இல் மூடியது, 1942இல் போருக்கு இரும்பு வேண்டும் என்று பிரித்து எடுத்துவிட்டார்கள்.

1919 ஜனவரி 15 வெல்லப்பாகு வெள்ளமும் அந்தக் கிளையைத்தான் அடித்தது. தொட்டி வெடித்து 21 பேர் இறந்த விபத்து. தொட்டியின் எஃகுத் தகடு பறந்து போய்த் தூணில் மோதி, கமர்ஷியல் வீதியில் கர்டர்கள் வளைந்து தொங்கின. உயர்மட்டக் கட்டமைப்பில் ஒரு தூண் போனால் அதன் இரு பக்க இடைவெளியும் போய்விடும். பக்கத்துத் தூண் பாரத்தை எடுத்துக்கொள்ளாது.

சிக்னல் பற்றியும் ஒரு வார்த்தை. திறந்த நாளிலேயே இந்தப் பாதையில் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு துண்டில் ஒரு ரயிலை மட்டும் விடும் தானியங்கி பிளாக் சிக்னலும், சிவப்பைத் தாண்டினால் தானே பிரேக் பிடிக்க வைக்கும் டிரிப் கம்பியும் இருந்தன. பெட்டிகள் ஃபிராங்க் ஸ்பிரேக் உருவாக்கிய பல்பெட்டிக் கட்டுப்பாட்டில் ஓடின. ஒவ்வொரு பெட்டிக்கும் மோட்டார், முன் பெட்டியிலிருந்து ஒருவர் கட்டுப்படுத்துவார். 1901க்கு இது மிகப் புதிய ஏற்பாடு.

#6 மீட்டர்கேஜ்

86 ஆண்டு நின்ற எஃகு, பராமரித்திருந்தால் இன்னும் நின்றிருக்காதா? சிகாகோவில் 1890களின் உயர்மட்டப் பாதையான லூப் இன்னும் ஓடுகிறதே.

#7 கேஸ்கட்டர்

நின்றிருக்கும். ஆனால் எங்கே கெடுகிறது என்று தெரிந்தால் செலவு புரியும். இந்த வகைக் கட்டமைப்பில் துரு எல்லா இடத்திலும் சமமாக வராது. நான்கு இடத்தைப் பார்க்க வேண்டும்.

தூணின் அடி முதலாவது. பாஸ்டனில் குளிர்காலம் முழுக்கத் தெருவில் உப்பு போடுவார்கள். வண்டிகள் வாரியடிக்கும் உப்புத் தண்ணீர் தூணின் முதல் ஒரு மீட்டரில் படியும். பெரும்பாலும் தூணின் அடி நடைபாதைக் காரைக்குள் புதைந்திருக்கும். காரைக்கும் எஃகுக்கும் இடையே நூலளவு விரிசல் வந்தால் தண்ணீர் அங்கே தேங்கி, வெளியே தெரியாமல் தகட்டை அரிக்கும். சுத்தியால் தட்டினால் நல்ல எஃகு கணீர் என்னும், அரித்தது பொத்தென்று கேட்கும். சந்தேகமிருந்தால் காரையை உடைத்துத் தகட்டின் கனத்தை அளந்தே ஆக வேண்டும். பெயின்ட்டைப் பார்த்து முடிவு சொல்லவே கூடாது.

இரண்டாவது, விரிவு இணைப்பு. எஃகு 1 மீட்டருக்கு 1 பாகை செல்சியஸில் 0.012 மில்லிமீட்டர் நீளும். 45 மீட்டருக்கு ஒரு இணைப்பு, குளிருக்கும் வெயிலுக்கும் 60 பாகை வித்தியாசம் என்றால் 32 மில்லிமீட்டர் நகர்வு. அந்த நகர்வுக்காகக் கர்டரின் நுனியை இறுக்காமல் ஒரு பை போன்ற தாங்கியில் உட்கார வைத்திருப்பார்கள். அந்தப் பையில்தான் மேலிருந்து வரும் தண்ணீர், பிரேக் தூசி, புறா எச்சம் எல்லாம் சேரும். துரு இறுகி நகர்வு நின்றுவிட்டால் வெப்ப விசை முழுவதும் தூணுக்குப் போகும். தூண் தலையில் ரிவெட் தளரும், கோண இரும்பில் விரிசல் விழும்.

மூன்றாவது, தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே வரும் துரு. துருவின் பருமன் அது தின்ற எஃகைப் போலப் பல மடங்கு. ரிவெட் அடித்துச் சேர்த்த இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு வளர்ந்தால் தகடு அலையலையாகப் புடைத்து ரிவெட் தலையே தெறிக்கும். இதற்கு மேலே பெயின்ட் பூசிப் பயனில்லை. ரிவெட்டை எடுத்து, பிரித்து, சுத்தம் செய்து, உயர்வலு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது என்றால் இரவில் இரண்டு மூன்று மணி நேரம்தான் கையில்.

நான்காவது, ஸ்லீப்பர் கட்டை உட்காரும் மேல் விளிம்பு. ஈரக் கட்டை வருடக்கணக்கில் அதே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அதற்கு அடியில் உள்ள விளிம்பு மெலியும். கட்டையைத் தூக்கிப் பார்க்கும்வரை தெரியாது.

சிகாகோ லூப் இன்று நிற்பதற்குக் காரணம் அதை விடாமல் பிரித்துப் பிரித்துப் புதுப்பித்ததுதான். வாஷிங்டன் வீதிப் பாதையை எடுத்துவிடப் போகிறோம் என்ற பேச்சு எழுந்த பிறகு, அதில் அந்த அளவு பணம் போட யாருக்கும் மனம் வராது. எடுக்கப்போகிறோம் என்பதற்காகப் பராமரிப்பைக் குறைப்பார்கள். கெட்டுப்போனதைக் காட்டி எடுப்பார்கள்.

#8 வடக்குவாசல்

எடுக்கப்போகிறோம் என்ற முடிவு எப்படி வந்தது என்பதையும் சேர்க்கிறேன். துரு அதில் ஒரு பகுதிதான்.

1960களில் ராக்ஸ்பரி, ஜமைக்கா பிளெயின் வழியாக ஐ-95 நெடுஞ்சாலையைப் பாஸ்டனுக்குள் கொண்டுவரத் திட்டமிட்டு, வழியில் இருந்த வீடுகளையும் கடைகளையும் இடித்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள். 1970இல் ஆளுநர் ஃபிரான்சிஸ் சார்ஜென்ட், பாஸ்டனைச் சுற்றிப் போகும் 128ஆம் சாலைக்குள் புதிய நெடுஞ்சாலைப் பணிகளை நிறுத்தினார், 1972இல் இந்தச் சாலை அடியோடு கைவிடப்பட்டது. நெடுஞ்சாலைக்கு ஒதுக்கிய பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்குத் திருப்பிவிட 1973இன் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம் வழிவிட்டது.

வெறுமையாகக் கிடந்த அந்த நிலத்தில், பழைய ரயில்வே கரையின் வழியே, ஆரஞ்சு லைனையும் நெடுந்தூர ரயிலையும் பக்கம் பக்கமாகப் பள்ளத்தில் ஓட்டி, மேலே பூங்கா அமைத்தார்கள். அதுதான் சவுத்வெஸ்ட் காரிடார். பேக் பே, மாசசூசெட்ஸ் அவென்யூ, ரகில்ஸ், ராக்ஸ்பரி கிராசிங், ஜாக்சன் ஸ்கொயர், ஸ்டோனி புரூக், கிரீன் ஸ்ட்ரீட், ஃபாரஸ்ட் ஹில்ஸ் என எட்டு நிலையம். பழைய உயர்மட்டப் பாதையில் இருந்தவை டோவர், நார்தாம்ப்டன், டட்லி, எக்ளஸ்டன், கிரீன் ஸ்ட்ரீட், ஃபாரஸ்ட் ஹில்ஸ்.

வரைபடத்தில் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். தெற்கு முனையில் இரண்டும் சேர்ந்துவிடும். டட்லிதான் கிழக்கே தனித்து நிற்கும். ரகில்ஸ் அங்கிருந்து ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு.

நெடுஞ்சாலையை நிறுத்தியது பெரிய வெற்றி, அந்த நிலத்தில் ரயில் வந்ததும் நல்லதே. ஆனால் பாதை போக வேண்டிய இடத்தைத் தீர்மானித்தது காலி நிலம். ஆட்கள் ஏறும் இடம் தீர்மானிக்கவில்லை.

#9 தண்டவாள_கணக்கு

வடக்குவாசல், இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். வாஷிங்டன் வீதியின் மேல் புதிய உயர்மட்டத்தை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். அடியில் சுரங்கம் என்றால் செலவு எங்கோ போயிருக்கும். கையில் பணமும் நிலமும் இருந்தது மேற்கே மட்டும். அந்த நேரத்தில் விட்டிருந்தால் ஆரஞ்சு லைனின் தெற்குப் பகுதிக்குப் புதுப் பாதையே வந்திருக்காது. டட்லி வெளிச்சம் பார்த்தது, வீதி அமைதியானது. அதையும் ஒரு லாபமாகவே எண்ண வேண்டும்.

#10 இரும்புத்தூண்

எடுத்ததில் எனக்கும் சண்டை இல்லை. முதலில் எடுத்தது, மாற்றுச் சேவை பிறகு என்ற அந்த வரிசையில்தான் சண்டை. வாஷிங்டன் வீதிக்குச் சமமான அல்லது அதைவிட மேலான மாற்றுச் சேவை தருவோம் என்பது வாக்குறுதி. 1987 மே மாதம் அங்கே நின்றது 49ஆம் எண் சாதாரணப் பேருந்து. தெற்கே ஃபாரஸ்ட் ஹில்ஸ் பக்கம் 42. சில்வர் லைன் பேருந்து வந்தது 2002 ஜூலை 20. 15 ஆண்டு. ஒரு குழந்தை பிறந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் காலம் அது.

வந்த சில்வர் லைனும் என்ன? நீளமான பேருந்து, வண்ணம் அடித்த தனித் தடம், நல்ல நிழற்குடை. தனித் தடத்தில் மற்ற வண்டிகள் புகும், நிற்கும். சிக்னலில் நிற்க வேண்டும். நகர மையத்துக்குள் போனால் நெரிசலில் மாட்டும். 2009 அக்டோபரில் சில்வர் லைனின் எஸ்எல்4 தடம் வந்து சவுத் ஸ்டேஷனுக்கு இன்னொரு கிளை கிடைத்தது. நல்லதுதான். ஆனால் மூன்றாவது தண்டவாளத்தில் தன் வழியில் ஓடிய ரயிலுக்கு இதைச் சமம் என்று சொல்ல என்னால் முடியாது. டிராம் தடம் போடச் சொல்லி ராக்ஸ்பரி மக்கள் கேட்டது அதனால்தான்.

இழப்பு யாருக்கு என்றும் பாருங்கள். வீதியோரம் குடியிருந்தவருக்குச் சத்தம் போனது. ஆனால் டட்லியில் ஏறியவர்களில் பெரும் பகுதி அந்த வீதிக்காரர்கள் அல்ல. மாட்டப்பன், டார்செஸ்டர், புளூ ஹில் அவென்யூ பக்கமிருந்து பேருந்தில் வந்து மாறியவர்கள். அவர்களுடைய பேருந்துகளைப் புதிய ரயிலோடு சேர்க்க ரகில்ஸ் வரை நீட்டினார்கள். மாட்டப்பனிலிருந்து வரும் 28ஆம் எண் பேருந்து இன்றும் டட்லியைத் தொட்டு ரகில்ஸ் போகிறது. முன்பு டட்லியிலேயே முடிந்த பயணத்தில் இப்போது ஒரு மைல் நெரிசல் கூடுதல். இந்தக் கூடுதல் நேரம் எந்தத் திட்ட வரவுசெலவிலும் செலவு என்று எழுதப்படாது. பயணி தன் கையிலிருந்து தினமும் கட்டுகிறார். 2022 மார்ச்சில் 23, 28, 29 எண்களுக்கு நகரம் கட்டணத்தை நீக்கியது பெரிய ஆறுதல். போன நேரத்தை அது திருப்பித் தராது.

#11 மீட்டர்கேஜ்

தெருவில் கடைகள் திறந்திருக்க, மேலே நிற்கும் இத்தனை எஃகை எப்படி இறக்குவார்கள்? வெடி வைக்க முடியாதே.

#12 கேஸ்கட்டர்

வெடிக்கு இங்கே வேலையே இல்லை. கட்டிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றிப் பிரிப்பதுதான். பொதுவான முறையைச் சொல்கிறேன்.

முதலில் மின்சாரம். 600 வோல்ட் நேர்மின்னோட்ட ஊட்டுக் கம்பிகளைத் துணைநிலையத்தில் துண்டித்து, இரு முனையிலும் பூமியில் பிணைத்து, சோதித்த பிறகுதான் ஆள் ஏறலாம். சிக்னல், தொலைபேசி, காற்றுக் குழாய் அடுத்து. உயர்மட்டத்தின் அடியில் நகரத் தெருவிளக்குக் கம்பியும் தொங்கும். அது ரயில்வேயுடையது இல்லை, மறந்துவிடுவார்கள். அதை முதலிலேயே தற்காலிகக் கம்பத்துக்கு மாற்ற வேண்டும்.

பிறகு மூன்றாவது தண்டவாளம், அதன் காப்புப் பீங்கான்கள், ஓடும் தண்டவாளம், காவல் கட்டை, கடைசியாக ஸ்லீப்பர். கிரியோசோட் (மரம் மக்காமல் காக்கும் தார் எண்ணெய்) ஊறிய கட்டையை எரிக்கக் கூடாது, தனியாக அப்புறப்படுத்த வேண்டும்.

எஃகைத் தொடுவதற்கு முன் பெயின்ட். பல அடுக்கு ஈயப் பெயின்ட். கேஸ் கட்டிங் சுடர் அதில் பட்டால் ஈயப் புகை வரும், மூச்சில் போனால் உடம்பில் தங்கும். வெட்டுகிற கோட்டின் இரு பக்கமும் கையகலத்துக்குப் பெயின்ட்டை உரித்துவிட்டுத்தான் சுடர் வைக்க வேண்டும். உரித்த செதில் தெருவில் விழாமல் விரிப்பு கட்ட வேண்டும். இந்த வேலையில் பெரும் தாமதம் இங்கேதான்.

அப்புறம் இடைவெளி இடைவெளியாக: கிரேன் கொக்கி கர்டரின் எடையைத் தாங்கிய பிறகு, நுனியில் உள்ள ரிவெட் தலைகளைச் சுடரால் வெட்டி, உளியால் தண்டைத் தட்டி வெளியேற்றுவார்கள். எடையைக் கிரேன் வாங்குவதற்கு முன்னே கடைசி ரிவெட்டை எடுத்தால் கர்டர் உதறும். அதிகமாகத் தூக்கிவிட்டு எடுத்தால் மேலே துள்ளும். இரண்டும் ஆளைக் கொல்லும். நீளக் கர்டர்கள் இறங்கிய பின் குறுக்குக் கர்டர், பின் தூண்.

ஒரு பக்கத்துக் கர்டரை மட்டும் எடுத்துவிட்டு அன்றைய வேலையை முடிக்கக் கூடாது. குறுக்குக் கர்டரில் சமமில்லாத பாரம் விழுந்து தூண் முறுகும். நிறுத்துவதென்றால் முழு இடைவெளி முடித்து நிறுத்த வேண்டும், இல்லையேல் தற்காலிகக் கம்பிவடம் கட்ட வேண்டும்.

தூணைத் தரையோடு வெட்டிவிட்டு, அடித்தளத்தைச் சாலைக்குக் கீழே கொஞ்ச ஆழம் வரை உடைத்து மூடுவார்கள். முழு அடித்தளத்தையும் தோண்டினால் பக்கத்தில் போகும் குடிநீர், கேஸ் குழாய்கள் ஆட்டம் காணும். பிற்பாடு சாலை தோண்டுபவர்கள் பழைய கல்காரையில் முட்டிக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

#13 வடக்குவாசல்

டட்லியில் ஒன்று விதிவிலக்கு. 1985இல் டட்லி ஸ்டேஷன் வட்டாரம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்திருந்தது. நிலையக் கட்டடத்தை உடைக்காமல் நகர்த்தி, 1993இல் திறந்த புதிய பேருந்து நிலையத்தின் பகுதியாக்கினார்கள். செப்பும் வளைந்த கூரையும் பார்க்கக் கிடைப்பது அதனால்தான். கேஸ்கட்டர், நகர்த்துவது எப்படி என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

#14 கேஸ்கட்டர்

ரிவெட் சட்டகக் கட்டடத்துக்கு ஒரு வசதி உண்டு: செங்கல் சுவர் போல நொறுங்காது. ஒரு அபாயமும் உண்டு: தூணை வெட்டியவுடன் சட்டகம் சதுரம் விட்டுச் சாய்சதுரமாகும்.

ஆகவே முதலில் தூண்களுக்கு நடுவே குறுக்குமறுக்காகத் தற்காலிகக் கோண இரும்பு. கண்ணாடி, செப்புத் தகடு, மரச் சிற்பங்களை எண் போட்டுக் கழற்றி வைப்பது நல்லது. எண்ணைத் தகட்டின் உள்பக்கம் குத்த வேண்டும், சுண்ணக்கட்டியில் எழுதினால் மழையில் போய்விடும். அடியில் நீளமான எஃகு விட்டங்களை நுழைத்து, ஜாக்கிகளால் ஒரே சீராகத் தூக்க வேண்டும். ஒரு மூலை மற்றதைவிடச் சில மில்லிமீட்டர் முந்தினாலும் கூரை வளைவில் ரிவெட் கத்தும். எல்லா ஜாக்கியும் ஒரே பம்பில் இருந்தால் பாரம் குறைந்த மூலை முதலில் ஏறும். அதனால் ஒவ்வொன்றுக்கும் சம அளவு எண்ணெய் தரும் பம்ப் வேண்டும். அதன் பிறகு உருளையிலோ சக்கர வண்டியிலோ மெதுவாக இழுப்பது.

பழைய எஃகில் வெல்டிங் வைக்குமுன் சோதிக்காமல் வைக்கக் கூடாது. 1900 வாக்கில் வந்த எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் அதிகம் இருக்கலாம். வெல்டிங் ஓரத்தில் விரியும். போல்ட் போடுவது பத்திரம்.

#15 தண்டவாள_கணக்கு

இதே பாதையின் நார்தாம்ப்டன் நிலையமும் பிழைத்திருக்கிறது. மெய்ன் மாநிலம் கென்னபங்க்போர்ட்டில் உள்ள சீஷோர் டிராலி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1901 வரிசையின் சட்டக வேலை விளங்கும்.

இந்த ரயிலுக்குச் சிறு மாதிரி செய்கிறவர்களுக்காகப் பெட்டி அளவுகள்: 1957–58இல் புல்மன் ஸ்டாண்டர்டு செய்த 100 பெட்டிகள், நீளம் 55 அடி. 1979–81இல் ஹாக்கர் சிட்லி செய்த 120 பெட்டிகள், நீளம் 65 அடி. கடைசி நாட்களில் டட்லியில் நின்றவை இவற்றில் இரண்டாவது வகை. 87க்கு 1 அளவில் முறையே 193, 228 மில்லிமீட்டர்.

வளைவு நடைமேடையில் நீளப் பெட்டி வைத்தால் இடைவெளியைக் கவனியுங்கள். இரண்டு போகி (பெட்டியின் அடியில் உள்ள சக்கரத் தொகுதி) மையங்களுக்கு நடுவே 14 மீட்டர், ஆரம் 30 மீட்டர் என்று எடுத்தால் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் 14 × 14 ÷ (8 × 30) = 0.82 மீட்டர் தள்ளும். மாதிரியில் 9 மில்லிமீட்டருக்கு மேல். உள்வளைவு நடைமேடையை அந்த அளவு செதுக்காவிட்டால் பெட்டி இடிக்கும், செதுக்கினால் கதவுக்கு முன் பள்ளம். நிஜ நிலையத்திலும் இதே சிக்கல்தான். அதனால்தான் நகர ரயில்கள் நீளப் பெட்டிக்குப் போகும்போது வளைவு நிலையங்களில் முதலில் கை வைப்பார்கள்.

#16 மீட்டர்கேஜ்

இப்போது அந்த இடத்துக்குப் போனால் எதைத் தேடுவது?

#17 இரும்புத்தூண்

வரைபடத்தில் டட்லி என்று தேடாதீர்கள். சதுக்கத்தின் பெயர் 2019 டிசம்பரில் நூபியன் ஸ்கொயர் ஆனது, நிலையத்தின் பெயர் 2020 ஜூன் 18 முதல் நூபியன்.

வடக்கேயிருந்து வாஷிங்டன் வீதி வழியாக எஸ்எல்5 பேருந்தில் வாருங்கள். பழைய ரயில் வந்த வழி அப்படியே அதுதான். வீதியின் அகலத்தைக் கவனியுங்கள், தூண்களின் வரிசை எங்கே நின்றிருக்கும் என்று ஊகிக்கலாம். பேருந்து நிலையத்துக்குள் நின்று கூரையின் வளைவையும் சட்டகத்தின் ரிவெட் வரிசையையும் பாருங்கள். 1993இல் சேர்த்த புதிய நிழற்கூரைக்கும் பழையதற்கும் வேறுபாடு இணைப்புகளிலேயே தெரியும்: பழையதில் உருண்டைத் தலை ரிவெட். பிறகு 28 பிடித்து ரகில்ஸ் வரை போங்கள். மாலை 5 மணிக்குப் போங்கள், அப்போதுதான் #10இல் சொன்ன அந்த ஒரு மைல் என்னவென்று தெரியும்.

வரைபடங்கள் வேண்டுமென்றால், இறக்குவதற்கு முன் அமெரிக்க வரலாற்றுப் பொறியியல் பதிவேட்டுக்காக மெயின் லைனைப் படமெடுத்து ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசம். டட்லி படங்களில் சரிவுப் பாதையின் தாங்கு தூண்களை முதலில் பாருங்கள், டிராம் வட்டம் எந்தப் பக்கம் திரும்பியது என்பது அதிலிருந்து பிடிபடும்.